ஏணியின் மூன்றாம் படியில் ஐம்பத்தெட்டு

மில்வாக்கி நகரத்தில் ஆறு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஒரு தொலைபேசி எண் இருந்தது. டென்னிஸ் லுட்கியின் தூண்டில் கடையில், மண்புழு வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு மேலே ஒரு பழைய பதிவுக் கருவி. செப்டம்பர் பிறந்துவிட்டால் காலை ஆறரைக்கு மேல் நாளைக்கு இருநூறு பேராவது கூப்பிடுவார்கள். இரண்டு முறை மணி அடித்ததும் ஒரு பெண்குரல் தொடங்கும்.

“ஆறு அறுபத்தாறு. தண்ணி ஒன்றரை அடி வரைக்கும் தெரியுது. மட்டம் நேத்தைக்கு ரெண்டு அங்குலம் கொறைவு. இலை கொஞ்சம். காத்து கெழக்க. பாஸ் உண்டு, கெளுத்தி உண்டு. ராஜா காணோம். போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். அறுபத்தாறு என்பது ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீரின் சூடு; பாஸ், கெளுத்தி, ராஜா எல்லாம் மீன்கள். எல்லாம்தான் கைபேசியில் வந்துவிட்டதே, இது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆற்றின் மேல்பக்கம் அரசாங்கம் வைத்திருக்கும் அளவுமானி சொல்வதைத்தான் கைபேசி சொல்லும். இலை எவ்வளவு என்று அது சொல்லாது. இலையுதிர்காலம் தொடங்கும் வாரங்களில் மஞ்சள் இலை தண்ணீரில் அடைந்து வந்தால், தூண்டிலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இலைதான் மாட்டும். மீன் பிடிக்கப் போனவன் தோட்டவேலை செய்துவிட்டு வருவான். அதனால்தான் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

குரலுக்குச் சொந்தக்காரி ராக்ஸான் குபியாக். ஊரில் ராக்ஸி. இருபத்தெட்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். ‘கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க’ என்று அவள் ஒருமுறை சொன்னால் வண்டி மொத்தமும் ஓரடி நகரும். மீனுக்கும் அவளுக்கும் நாற்பது வயது வரை சம்பந்தமே இல்லை. ஒருநாள் கடைசி இருக்கையில் யாரோ ஒரு தூண்டில் கோலை விட்டுவிட்டுப் போனார்கள். தொலைந்த பொருள் அறையில் தொண்ணூறு நாள் கிடந்தது; கேட்டு யாரும் வரவில்லை. இது என்னதான் செய்யும், பார்த்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவள்தான், அதன்பின் ஆறு அவளை விடவில்லை.

அவள் சுபாவமே அப்படி. எதையும் ‘ஏன்’ என்று கேட்காமல் தாண்டிப் போகத் தெரியாது. “கேள்வி கேட்டே கொல்றா” என்று சொல்லிவிட்டுக் கணவர் ரே அரிசோனாவுக்குப் போய்விட்டார். அங்கே பாதி ஆறுகளில் தண்ணீரே கிடையாது. தெரிந்தேதான் போனாரோ என்னவோ.

டென்னிஸின் கடை எண்ணில் அவள் பேசத் தொடங்கிப் பத்தொன்பது வருஷம். சம்பளம் கிடையாது, புழு மட்டும் இலவசம். ஆனால் அந்தக் குரல்தான் ஊரில் அவளுடைய பேர். காலை ஆறு மணிக்கு ப்ளெசன்ட் வீதிப் பாலத்துக்குக் கீழே ஆற்றுச் சுவரில் இருக்கும் இரும்பு ஏணி. மேலிருந்து மூன்றாவது படியில் கட்டிய சங்கிலி. சங்கிலியின் நுனியில் வெப்பமானி. ஐந்து நிமிஷம் முழுதாக முக்கி எடுப்பாள். பிறகு காப்பிக் குவளையின் வெள்ளை மூடியை நூலில் கட்டி இறக்கி, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பாள். பனிமூட்டமோ கொட்டும் மழையோ, அதே ஏணி, அதே படி, அதே நேரம். இடத்தை மாற்றினால் நேற்றையும் இன்றையும் எப்படி ஒப்பிடுவது என்பாள். நியாயம்தானே? அந்த நியாயம்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

ராஜா என்பது ஏரியிலிருந்து வரும் பெரிய சால்மன். நாலு வருஷம் மிச்சிகன் ஏரியில் தின்று கொழுத்துவிட்டு, செப்டம்பரில் முட்டையிட ஆறேறும். ஆற்றுத் தண்ணீர் அறுபதுக்குக் கீழே இறங்கினால் வந்துவிடும் என்பது இந்த ஊர்க் கணக்கு. அறுபதுக்குக் கீழே என்று ராக்ஸி சொன்ன நாளில் நகரத்துத் தொழிற்சாலைகளில் திடீர் திடீரென்று பலருக்கும் காய்ச்சல் வரும். மேலாளர்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களில் பாதிப்பேருக்கும் அன்றைக்குக் காய்ச்சல்தான்.

அந்த வருஷம் செப்டம்பர் சூடாக இருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. ஆறு அறுபத்தேழிலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை காலை ராக்ஸி சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி முக்கினாள். ஐம்பத்தெட்டேதான். ராத்திரி மேற்கிலிருந்து காற்று அடித்திருந்தது. மேல்காற்று ஏரியின் மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டு அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவரும். சில சமயம் அது ஆற்றின் வாயிலும் ஏறும். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கடைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தி, “ஆறு ஐம்பத்தெட்டு” என்றாள். குரலில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது. அது வழக்கமில்லை.

புதன்கிழமை விடிகாலை பழைய அணையடியில் அறுபது பேர். தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒருத்தனுடைய நூல் இன்னொருத்தன் தொப்பியைத் தூக்கியது. மதியம்வரை ஒரு ராஜா கிடையாது. வியாழனும் அதே கதை. ராக்ஸியின் சங்கிலியோ இரண்டு நாளும் ஐம்பத்தெட்டுதான் சொன்னது, அவளும் அதையே சொன்னாள். அரசாங்க அளவுமானி அறுபத்தேழு என்றது.

வெள்ளிக்கிழமை அவள் கடைக்குள் நுழைந்தபோது கர்ட்டிஸ் பெல்லாமி கல்லாப்பெட்டி மேல் முழங்கை ஊன்றி நின்றிருந்தான். கார் பட்டறை வைத்திருப்பவன். வாய் ஏழு தெரு கேட்கும். நல்ல மீன்பிடிகாரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“வா ராக்ஸி, வா. ஒரு சந்தேகம். வெப்பமானிய ஆத்துல விட்டியா, இல்ல உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல விட்டியா?”

“ஆத்துலதான்.”

“எந்த ஆத்துல? அலாஸ்காவுலயா?”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டென்னிஸ் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். நல்ல மனுஷன், ஆனால் சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார்.

“ராக்ஸி, ரெண்டு நாளா மெஷின்ல வெறும் வசவுதான் பதிவாகியிருக்கு. ஒருத்தர் ஷிபோய்கன்லேருந்து வந்தாராம். அவரு சொன்ன வார்த்தைய நான் என் கடையில சொல்ல முடியாது.”

“நான் பாத்ததத்தான் சொன்னேன், டென்னிஸ்.”

“பாத்தது தப்புன்னா?”

“பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ தப்பாச் சொல்லியிருக்கனா?”

“அதுக்குத்தான் வயசுன்னு ஒண்ணு இருக்கே” என்றான் கர்ட்டிஸ். அவனுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். உடனே தூண்டில் முள் வரிசையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

டென்னிஸ் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரு. ஐம்பத்தெட்டுன்னா ராஜா வந்திருக்கணும். திங்கக்கெழம காலைக்குள்ள ஒண்ணே ஒண்ணு எங்க நிக்குதுன்னு சொல்லு, போதும். நான் உன் பக்கம் நிப்பேன். இல்லன்னா லைன எடுத்துடுறேன். என்னை மன்னிச்சிடு.”

ராக்ஸி வீட்டுக்குப் போனாள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்து அடியிலிருந்து வழக்கமான அந்தக் கேள்வி கிளம்பியது: ஏன் ஐம்பத்தெட்டு?

சனிக்கிழமை காலை சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறைய பனிக்கட்டி போட்டு வெப்பமானியை நட்டு வைத்தாள். முப்பத்திரண்டு. பனிக்கட்டி உருகும் சூடு, சரியாக முப்பத்திரண்டு. இறைச்சி வேகும் சூட்டைப் பார்க்கும் குத்தூசி ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போனாள். ஆற்று வெப்பமானி ஐம்பத்தெட்டு. இறைச்சி ஊசியும் ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்ல முடியாது. அப்படியானால் தப்பு கருவியில் இல்லை.

சங்கிலியை அவிழ்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அதை வேறு இடத்தில் இறக்கினாள். ஏணியிலிருந்து முப்பது அடி கீழ்ப்பக்கம், அறுபத்துமூன்று. இன்னும் முப்பது அடி, அறுபத்தாறு. பாலத்தின் அடுத்த பக்கம், அறுபத்தேழு. தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆறு சூடாகத்தான் இருந்திருக்கிறது. அவளுடைய ஏணி மட்டும் குளிர்ந்திருந்தது.

“என்ன, தண்ணிக்குக் காய்ச்சலா?” என்று யாரோ கேட்டார்கள்.

திரும்பினால் சுவா வாங். அச்சகத்தில் வேலை. லாவோஸ் மலைகளிலிருந்து வந்து குடியேறிய ஹ்மாங் குடும்பங்கள் ஆற்றங்கரைக்கு வந்தால் பெரும்பாலும் கூட்டமாக வரும். சுவாவும் அவர்களில் ஒருவன்தான், ஆனால் எப்போதும் தனியாக வருவான். மரியாதையான ஆள். புதன்கிழமை அவன் விடுப்பு எடுத்திருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

“சுவா, உன் லீவு என்னாலதான் போச்சு.”

“லீவு போனாப் போகுது. மச்சான ஷிபோய்கன்லேருந்து வரவழைச்சிட்டேன். ‘ராக்ஸி சொன்னா மீன் வந்தாச்சுன்னு அர்த்தம்’னு பெருமை வேற அடிச்சேன். இனி கல்யாணம், விருந்து எங்க போனாலும் இதத்தான் சொல்லுவான்.”

“மெஷின்ல திட்டுனது உன் மச்சானா?”

“கெட்ட வார்த்தை நெறைய இருந்துச்சா?”

“டென்னிஸ் சொல்லவே மாட்டேன்னுட்டார்.”

“அப்ப அவன்தான்.”

அவள் சங்கிலியை அவன் கையில் கொடுத்தாள். ஏணியில் ஒருமுறை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருமுறை அவனே முக்கிப் பார்த்தான். இரண்டு எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். முகம் மாறியது.

“எங்கிருந்தோ பச்சத்தண்ணி வருது.”

“அதான். எங்கேருந்து?”

“கரையில நின்னு கண்டுபிடிக்க முடியாது. நாளைக்குப் படகு கொண்டாறேன். பேக்கர்ஸ் ஆட்டம் ஆரம்பிச்சதும் எறங்குவோம். ஆத்துல ஒரு ஈ காக்கா இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்தது. பகல் பன்னிரண்டுக்கு ஊர் மொத்தமும் பேக்கர்ஸ் அணியின் கால்பந்து பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டது. ராக்ஸி பேக்கரியிலிருந்து சூடான பன்றி இறைச்சியும் ரொட்டியும் வாங்கி வந்தாள், ஞாயிறு என்றால் அதுதான். சுவா ஒட்டரிசியும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்திருந்தான். அவளுடைய ரொட்டிக்குள் அவனுடைய துவையலை வைத்துத் தின்றார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாவது ரொட்டியிலும் வைக்கச் சொன்னாள்.

சின்ன அலுமினியப் படகு. சுவா துடுப்பு போட்டான்; ராக்ஸி முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு சங்கிலியை இழுத்து இழுத்து எண் சொன்னாள். நகரப் பேருந்தில் நிறுத்தம் சொல்லும் அதே குரல்.

“ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. கொஞ்சம் மேல போ. ஐம்பத்தேழு. சுவர ஒட்டிப் போ, இன்னும் ஒட்டி. ஐம்பத்தைஞ்சு!”

ஏணிக்கு மேல்பக்கம் சுவரை ஒட்டி ஆற்றோர மரநடைபாதை ஓடுகிறது. பழுதாகி ஒரு பகுதியை வேலி போட்டு மூடியிருந்தார்கள். அடியில் தூண்கள், இருட்டு. சுவா துடுப்பை உள்ளே வாங்கித் தூண்களைக் கையால் பிடித்துப் பிடித்துப் படகை நுழைத்தான். சுவரில் பாதி முழுகிய ஒரு பழைய செங்கல் வளைவு தெரிந்தது. மழைநீர் வாய்க்காலின் வாய். மூன்று வாரமாக மழையே இல்லை. வாய்க்காலிலோ தெளிந்த தண்ணீர் தளதளவென்று வந்துகொண்டிருந்தது. ராக்ஸி கையை விட்டாள். எலும்பு வரைக்கும் சில்லிட்டது.

“ஐம்பத்தொண்ணு. இது ஆத்துத் தண்ணியே இல்ல. பூமிக்கடியில இருந்து வர்ற தண்ணி.”

தலைக்கு மேலே எங்கோ இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது. படகை வெளியே எடுத்து, ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். சுவரை ஒட்டிய மனையில் பெரிய கட்டடத்துக்குக் குழி. மூன்று மாடி ஆழம். காவலாளி கைபேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த பம்பு எப்பலேருந்து ஓடுது?” என்றாள் ராக்ஸி.

“திங்கக்கெழம சாயங்காலத்துலேருந்து. குழியில ஊத்து வந்துடுச்சு. எறைச்சு வாய்க்கால்ல விடுறாங்க.”

“எத்தன நாளைக்கு?”

“அடியில கான்கிரீட் போடுற வரைக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம். நீங்க யாரு, நகராட்சியா?”

“இல்ல. சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு.”

அவருக்கு அந்தப் பதில் புரியவில்லை. ராக்ஸிக்கோ உலகத்தில் அதைவிடப் பெரிய காரணம் கிடையாது. ஏணியில் இறங்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று நாளாக மண்டையைக் குடைந்தது தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை இதை அப்படியே சொல்லிவிட்டால் போதும்; பேரும் தப்பும், லைனும் தப்பும்.

“ராக்ஸி” என்றான் சுவா. அவளையும் ஏற்றிக்கொண்டு, வளைவை இன்னொருமுறை பார்க்கப் படகைத் தூண்களுக்குள் நுழைத்தவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. “இங்க வந்து பாருங்க. சத்தம் போடாம.”

தூண்களுக்கு நடுவில், செங்கல் வளைவுக்கு நேர்கீழே, ஆற்றின் தரை அசைந்தது. கண் பழகப் பழகத்தான் தெரிந்தது, அது தரை இல்லை. ராஜாக்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரின் அகலத்துக்குள் அடைத்துக்கொண்டு நின்றன. நாற்பதா, ஐம்பதா, எண்ண முடியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். செவுள்கள் வேகமாகத் திறந்து மூடின. ஏரியை விட்டு ஏறி வந்து, சூட்டில் மேலே போக முடியாமல், திரும்பவும் மனமில்லாமல், இந்த ஒரு குழாய்த் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தன.

ராக்ஸி படகின் விளிம்பில் இன்னும் குனிந்தாள். அவள் சொன்ன எண்ணுக்கு மீன் வராமல் இல்லை. வந்துதான் இருந்தது.

“உங்க பேரு தப்பிச்சுது. மச்சான்கிட்ட நானும் தலை நிமிந்து பேசலாம்” என்றான் சுவா.

அவள் ஒரு மீனின் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது கடிக்குமா, சுவா?”

அவன் யோசித்தான். “இந்த நெலமையிலயா? மூச்சு விடவே பாடுபடுது. எரைய மூஞ்சில வச்சாலும் தொடாது.”

“அப்ப எப்படிப் பிடிப்பாங்க?”

இரண்டு பேருக்கும் பதில் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு சூடான செப்டம்பரில், வேறொரு ஆற்றின் மடுவில் ராஜாக்கள் மாட்டிக்கொண்டன. எங்கே என்று ஒருத்தன் சொன்னான். மறுநாள் ஐம்பது பேர் வந்து, ஈயக்குண்டு கட்டிய மூன்று முள் கொக்கியை மடுவுக்குள் எறிந்து கண்மண் தெரியாமல் இழுத்தார்கள். விலாவில் குத்தியது, வயிற்றில் குத்தியது. குடல் சரிந்த மீன்கள் கரையோரம் மிதந்தன. சட்டப்படி குற்றம்தான். கூட்டத்தில் சட்டத்தை யார் பார்த்தார்கள்? அன்றைக்கு ராக்ஸி தூண்டிலைப் போடாமலே வீட்டுக்கு வந்தவள்.

“மீன்வளத்துறை ஆளுக்குச் சொல்லலாமே?” என்றான் சுவா.

“மூணு மாவட்டத்துக்கு ஒரு ஆளு. அவன் வந்து எட்டிப் பாத்தான்னா, அவன் எங்க எட்டிப் பாத்தான்னு ஊரே எட்டிப் பாக்கும்.”

“எல்லாரும் அப்படி இல்ல. கர்ட்டிஸ் கூட அப்படிச் செய்யமாட்டான்.”

“கர்ட்டிஸ் செய்யமாட்டான். அவன் வாய் சும்மா இருக்குமா?”

சுவா சிரித்துவிட்டான். உடனே சிரிப்பு நின்றது. “அப்ப நாளைக்கு என்னதான் சொல்லப்போறீங்க? குழாயப் பத்தி மட்டும் சொல்லுங்க, மீனப் பத்திச் சொல்ல வேணாம்.”

“அறுபத்தேழு ஆத்துல ஐம்பத்தெட்டா ஒரு எடம்னு சொன்னா, மீன் எங்கன்னு தனியா வேற சொல்லணுமா? மீன் பிடிக்கிற எந்த முட்டாளும் நேரா இங்கதான் வருவான். நானே வருவேன்.”

அவன் துடுப்பை எடுத்தான். கரைக்கு வந்து படகைக் கட்டிய பிறகு, “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மச்சான்கிட்டயும்” என்றான். அது சின்ன தியாகம் இல்லை என்று ராக்ஸிக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஆறரை. டென்னிஸ் கடையைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். ராக்ஸி பதிவுக் கருவிக்கு முன்னால் நின்றாள்.

“மீன் உண்டா?” என்றார்.

“பதிவுல கேளுங்க.”

விரலைப் பொத்தானில் வைத்தாள். அழுத்த வரவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்ததைத் தவிர வேறு எதுவும் அந்தக் கருவிக்குள் போனதில்லை. மூடுபனியில் மூடி தெரியாவிட்டால், ‘தெரியலை’ என்றே சொல்லியிருக்கிறாள். பொய் சொல்வது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுத்தினாள்.

“ஆறு அறுபத்தேழு. போன வாரம் நான் ஐம்பத்தெட்டுன்னு சொன்னது தப்பு. என் வெப்பமானி கெட்டுப்போயிருந்துச்சு. நான் சரிபாக்கல. என்னை நம்பி லீவு போட்டவங்க, தூரத்துலேருந்து வந்தவங்க, மன்னிச்சிடுங்க. தண்ணி ரெண்டு அடி வரைக்கும் தெரியுது. இலை அதிகம். பாஸ் உண்டு, கெளுத்தி உண்டு.” ஒரு மூச்சு நின்றது. “ராஜா காணோம். போயிட்டு வாங்க.”

டென்னிஸ் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. மத்தியானம் கருவியின் மின்கம்பியைப் பிடுங்கி, சுற்றி, கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். பேருந்து நிறுத்தத்தில், மளிகைக் கடையில், வெள்ளிக்கிழமை மீன்வறுவல் விருந்தில், “ஐயோ பாவம், வெப்பமானியக்கூட சரிபாக்கலியாம்” என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு அடையைத் தின்றாள். அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சில ராத்திரி படுக்கையில் கிடந்து, எழுந்து போய்க் கர்ட்டிஸின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

காலை ஆறு மணிக்கு மட்டும் ஏணிக்குப் போவது நிற்கவில்லை. முதலில் பம்பின் உறுமலைக் காது கொடுத்துக் கேட்பாள். அது நின்றால் கீழே இருப்பவை அன்றைக்கே செத்துவிடும். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டுப் பலகை இடுக்கில் பார்ப்பாள். இருந்தன. சுவாவும் வேலைக்குப் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். எத்தனை ஆண், எத்தனை பெண், ஏன் எல்லாம் இடது தூணை ஒட்டியே நிற்கின்றன, ராத்திரி இடம் மாறிக்கொள்ளுமா என்று அவளுக்கு ஆயிரம் கேள்வி. யாரிடம் கேட்பது?

பத்தாம் நாள் மழை பிடித்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விடாமல் கொட்டியது. ஆறு இரண்டடி ஏறி, காப்பி நிறத்தில் புரண்டு ஓடியது. மறுநாள் காலை சங்கிலி ஐம்பத்தாறு என்றது, பாலத்தின் இரண்டு பக்கமும். ராக்ஸி பலகை இடுக்கில் பார்த்தாள். கலங்கல் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்விட்டன. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வீடு காலியான மாதிரியும் இருந்தது.

பத்து மணிக்கு டென்னிஸின் கடையில் ஒரே அமளி. கர்ட்டிஸ் அணையடியில் பருவத்தின் முதல் ராஜாவைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தான். எடை மேசையில் கிடந்தது. இருபத்துமூன்று பவுண்டு. சுவா உள்பட ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ராக்ஸி உள்ளே வந்ததும் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

“வா ராக்ஸி” என்றான் கர்ட்டிஸ். அன்றைக்கு அவன் குரலில் நக்கல் குறைவு, இரக்கம் அதிகம். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. “நேத்து ராத்திரி மழையோட ஏறியிருக்கு. எக்கச்சக்கமா. என் காலு நடுவுல எல்லாம் போகுது. நீ சொல்லித்தான் தெரியணும்னு இல்ல பாரு. பதினஞ்சு நாளா நீ ஆத்த எட்டி எட்டிப் பாத்த, ஒண்ணும் தெரியல. நான் ஒரே நாள்ல பிடிச்சிட்டேன்.”

சுவா வாயைத் திறந்தான். ராக்ஸி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, அலமாரியில் இருந்த தக்கைகளை எண்ணத் தொடங்கினான்.

அவள் மேசைக்குப் போனாள். இரண்டு கையாலும் அந்த மீனைத் தூக்கி ஒரு பக்கம் பார்த்தாள். புரட்டி மறுபக்கம் பார்த்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை, கிழிசல் இல்லை. மேல்தாடையில் ஒரே ஒரு முள் குத்திய இடம். தானாக வாயைத் திறந்து கடித்திருக்கிறது.

“ஆமா கர்ட்டிஸ், எனக்கு ஒண்ணுமே தெரியல” என்றாள் ராக்ஸி. ஊரே கேட்கும்படி சிரித்தாள். அவளுக்குப் புத்திதான் பேதலித்துவிட்டது என்று டென்னிஸ் நினைத்துக்கொண்டார்.